தும்பாக் கடற்கரையில் காணாத கோடு

நாம் நிற்கும் நிலத்தின் அடியில் என்ன இருக்கின்றது என்று எண்ணிப் பார்ப்பவர் நம்மில் சிலரே. கிணறு வெட்டுகின்றவன் முதலில் மண்ணைக் காண்கின்றான். பின்பு பாறையைக் காண்கின்றான். ஊற்றுக்கண் திறந்ததும் மகிழ்ந்து மேலேறி விடுகின்றான். அத்துடன் நம் ஆராய்ச்சியும் முடிந்துவிடுகின்றது. ஆனால் நம் காலடியில் 2,900 கிலோமீட்டர் ஆழத்திற்குக் கீழே உருகிய இரும்பாலான பெருங்கடல் ஒன்று ஓயாது அலைந்துகொண்டிருக்கின்றது. அதனை எவரும் கண்டதில்லை, காணப்போவதும் இல்லை. அந்தக் காணாத கடலின் காரணமாக, அரபிக்கடலோரத்துச் சிற்றூர் ஒன்றில் வாழ்ந்த எளிய மீனவ மக்கள் தம் இல்லங்களையும், தாங்கள் திருமுழுக்குப் பெற்ற ஆலயத்தையும் விட்டுப் புறப்பட நேர்ந்தது என்று கூறினால் வாசகர்கள் வியப்படையக் கூடும். அவ்வூரின் பெயர் தும்பா.

சென்ற கோடை விடுமுறையில் எம் பங்கின் மறைக்கல்வி ஆசிரியர்கள் சிலரும் மேல்வகுப்பு மாணவர் சிலரும் என்னுடன் அவ்வூருக்கு வந்தனர். நாகர்கோவிலில் காலை வண்டியேறி, குழித்துறை, பாறசாலை, நெய்யாற்றின்கரை ஆகிய ஊர்களின் தென்னந்தோப்புகளைக் கடந்து திருவனந்தபுரம் அடைந்தோம். அங்கிருந்து கடற்கரையை ஒட்டி வடமேற்காகச் சிறிது தொலைவு சென்றால் தும்பா. இன்று அப்பகுதி விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் எல்லைக்குள் அடங்கியிருப்பதால், வாயிலில் அடையாள அட்டைகளைக் காட்டிய பின்னரே உள்ளே செல்ல முடிந்தது.

தென்னை மரங்களுக்கு நடுவே அமைதியாக நிற்கின்றது புனித மகதலா மரியாவின் பழைய ஆலயம். நம் கடற்கரைப் பங்குகளில் பிறந்து வளர்ந்த எவரும் அந்த முகப்பைக் கண்டவுடன் காலணியைக் கழற்றிவிட எண்ணுவர். உள்ளே நுழைந்தாலோ காட்சி வேறு. மக்கள் முழந்தாளிட்டுச் செபித்த நடுக்கூடத்தில் ராக்கெட்டுகளின் மாதிரிகளும் செயற்கைக்கோள்களின் மாதிரிகளும் வரிசையாக நிற்கின்றன. பள்ளிப் பிள்ளைகள் ஒவ்வொன்றையும் அண்ணாந்து பார்த்து நகர்கின்றனர். எங்களுடன் வந்த மாணவன் ஒருவன் சற்று நேரம் பேசாதிருந்தான். பின்னர் என் அருகில் வந்து, “சாமி, இத்தனை பெரிய நாட்டில் ராக்கெட் விடுவதற்கு வேறு இடமே கிடைக்கவில்லையா? கோயில் இருந்த இடத்தையா கேட்க வேண்டும்?” என்றான்.

நியாயமான கேள்வி. அதற்கு விடை கூற வேண்டுமானால் ஓர் ஊசியிலிருந்து தொடங்க வேண்டும்.

ஊசி படுத்திருக்கும் இடம்

எங்களுடன் வந்திருந்த அறிவியல் ஆசிரியை இதற்கென்றே ஒரு தையல் ஊசியையும் நூலையும் கொணர்ந்திருந்தார். ஊசியின் நடுவில் நூலைக் கட்டி, இரு புறமும் சமமாக நிற்கும்படி சரிசெய்தார். பின்னர் ஒரு காந்தத்தின் முனையால் ஊசியை ஒரே திசையில் பலமுறை தேய்த்து, காற்றுப்படாத ஒரு மூலையில் தொங்கவிட்டார். ஊசி மெல்லச் சுழன்று வடக்கும் தெற்குமாக நின்றது. இது நாம் அறிந்ததே. அவர் மாணவர்களுக்குக் காட்ட விரும்பியது வேறொன்று. ஊசி எப்புறமும் சாயாமல், தரைக்கு இணையாகப் படுத்தாற்போல் நின்றது.

இதே ஊசியை இலண்டன் மாநகருக்குக் கொண்டுசென்று தொங்கவிட்டால் அஃது அவ்வாறு நிற்காது. அதன் வடமுனை ஏறத்தாழ 66 பாகை அளவுக்குக் கீழ்நோக்கிச் சாய்ந்து, நிலத்தைக் குத்துவது போல் நிற்கும். இராபர்ட் நார்மன் என்ற ஆங்கிலேயக் கருவி வினைஞர் இச்சாய்வினை ஆராய்ந்து 1581-இல் நூல் எழுதினார். அதன்பின் 1600-இல் வில்லியம் கில்பர்ட் என்ற மருத்துவர், பூமியே ஒரு மாபெரும் காந்தம் என்றும், ஊசி அதன் இழுப்புக்கு இசைந்தே சாய்கின்றது என்றும் எடுத்துக்காட்டினார். பூமியின் காந்த முனைகளில் ஊசி செங்குத்தாக நிற்கும். இரு முனைகளுக்கும் இடையே, உலகைச் சுற்றிலும், ஊசி சிறிதும் சாயாத இடங்கள் உண்டு. அவ்விடங்களை இணைத்து ஒரு கோடு வரைந்தால் அதுவே காந்த நடுக்கோடு. நாம் பள்ளியில் படித்த பூமத்திய ரேகையன்று இது. பூமத்திய ரேகை இந்தியாவைத் தொடாமல் தெற்கே கடலில் ஓடுகின்றது. காந்த நடுக்கோடோ வளைந்து நெளிந்து சென்று, நம் நாட்டின் தென்கோடியைத் தொட்டுச் செல்கின்றது. தும்பா அக்கோட்டிற்கு மிக அருகில் இருக்கின்றது.

இப்பகுதியின் இச்சிறப்பு நெடுங்காலத்திற்கு முன்பே அறிஞர்களை ஈர்த்ததுண்டு. சுவாதித் திருநாள் மன்னர் 1837-இல் திருவனந்தபுரத்தில் நிறுவிய வானாய்வுக் கூடத்தின் பொறுப்பை 1852-இல் ஏற்றவர் ஜான் ஆலன் பிரௌன் என்ற ஸ்காட்லாந்து அறிஞர். அவர் நகரில் இருந்த கருவிகளோடு நிறைவடையாமல், நம் பொதிகை மலைத் தொடரில் அகத்தியர் மலையின் உச்சியிலும் ஒரு காந்த ஆய்வுக் கூடத்தை 1855-இல் அமைத்தார். யானைகள் திரியும் காட்டின் நடுவே, ஏறத்தாழ ஆறாயிரம் அடி உயரத்தில், மழையிலும் மூடுபனியிலும் காந்த ஊசிகளின் அசைவுகள் குறிக்கப்பட்டன. கதிரவனின் போக்கிற்கும் நிலவின் போக்கிற்கும் ஏற்ப ஊசி நாள்தோறும் மிக நுட்பமாக அசைந்தாடுவதை அவர் பதிவு செய்தார். ஊசியை ஆட்டுவது எது என்பது முழுமையாக விளங்கப் பின்னும் நெடுங்காலம் ஆயிற்று.

கீழே ஒரு டைனமோ, மேலே ஒரு டைனமோ

பூமி ஏன் காந்தமாக இருக்கின்றது? உள்ளே பெரிய காந்தக்கல் புதைந்திருக்கின்றது என்று முன்னோர் கருதினர். அவ்வாறு இருக்க இயலாது. இரும்பை 770 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கினால் அது தன் காந்தத் தன்மையை இழந்துவிடுகின்றது. பூமியின் நடுவிலோ கதிரவனின் மேற்பரப்பை ஒத்த வெப்பம் நிலவுகின்றது.

விடைக்கு வழிகாட்டியது மின்சாரம். கம்பியில் மின்சாரம் ஓடினால் அருகிலுள்ள காந்த ஊசி அசைகின்றது என்பதை டென்மார்க் நாட்டு அறிஞர் ஓர்ஸ்டெட் 1820-இல் கண்டார். காந்தத்தின் அருகே கம்பியை அசைத்தால் கம்பியில் மின்சாரம் பிறக்கின்றது என்பதை 1831-இல் மைக்கேல் பாரடே காட்டினார். இவ்விரண்டும் ஒரே நாணயத்தின் இரு பக்கங்கள். இரவில் மிதிவண்டியில் சென்ற தலைமுறைக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. சக்கரத்தோடு உராய்ந்து சுழலும் சிறு டைனமோவினுள் ஒரு காந்தம் இருக்கும். மிதிக்க மிதிக்க விளக்கு எரியும். மிதிப்பதை நிறுத்தினால் விளக்கும் அணைந்துவிடும்.

பூமியின் உள்ளேயும் இத்தகைய டைனமோ ஒன்று இயங்குகின்றது என்ற கருத்தை ஜோசப் லார்மர் 1919-இல் வெளியிட்டார். நம் காலடியில் 2,900 கிலோமீட்டர் ஆழத்தில் தொடங்குவது வெளிக்கருவம். அஃது உருகிய இரும்பும் சிறிது நிக்கலும் கலந்த குழம்பு. அதனுள்ளே, 5,150 கிலோமீட்டர் ஆழத்தில், இறுகிய இரும்பாலான உள்கருவம் உருண்டையாக இருக்கின்றது. நிலநடுக்க அலைகளை நுணுகி ஆராய்ந்து உள்கருவத்தை 1936-இல் கண்டறிந்தவர் இங்கே லேமன் என்ற டென்மார்க் பெண்மணி. உள்ளிருக்கும் வெப்பம் வெளியேறும்போது, உலையில் நீர் கொதிப்பது போல், இரும்புக் குழம்பு மேலெழுந்தும் கீழிறங்கியும் ஓடுகின்றது. பூமி தன்னைத்தானே சுற்றுவதால் அந்த ஓட்டம் முறுக்கப்பட்டுச் சுழல்களாகின்றது. ஏற்கெனவே இருக்கும் காந்தப் புலத்தினூடே இரும்புக் குழம்பு நகரும்போது அதில் மின்சாரம் பிறக்கின்றது. அம்மின்சாரம் மீண்டும் காந்தப் புலத்தை உண்டாக்குகின்றது. ஒன்று மற்றொன்றைத் தாங்கி நிற்கின்றது. அந்தக் குழம்பின் வேகம் என்ன தெரியுமா? ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ பத்து இருபது கிலோமீட்டர். நத்தையின் நடையைக் காட்டிலும் மெதுவானது! ஆயினும் அந்த டைனமோ முந்நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேலாக அணையாமல் இயங்கி வருவதைப் பழம்பாறைகள் காட்டுகின்றன.

இவ்வாறு பிறக்கும் காந்தப் புலம் வலிமை மிக்கதன்று. குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டும் சிறு காந்தம் அதனினும் நூறு மடங்குக்கு மேல் வலிமையுடையது. எனினும் கதிரவனிலிருந்து ஓயாது வீசும் மின்துகள் காற்றின் பெரும்பகுதியைத் திசைதிருப்பி, நம்மையும் நம் காற்று மண்டலத்தையும் காப்பதில் அதற்குப் பெரும்பங்கு உண்டு.

இனி மேலே பார்ப்போம். நூறு கிலோமீட்டர் உயரத்தில் காற்று மிக மெலிந்திருக்கின்றது. பகலில் கதிரவனின் கதிர்கள் தாக்குவதால் அங்குள்ள காற்று மின்னேற்றம் பெறுகின்றது. அந்தக் காற்றும் வெப்பத்தால் அலைந்து, பூமியின் காந்தப் புலத்தினூடே வீசுகின்றது. மின்சாரம் கடத்தும் பொருள் காந்தப் புலத்தில் அசைந்தால் மின்சாரம் பிறக்கும் என்ற அதே விதி அங்கும் செல்லும். கீழே இரும்புக் குழம்பு, மேலே காற்று. இரண்டும் டைனமோக்களே. பிரௌனின் ஊசிகளை நாள்தோறும் ஆட்டியவை இந்த மேலுலக மின்னோட்டங்கள்தாம்.

காந்த நடுக்கோட்டின் மேல் மட்டும் ஒரு புதுமை நிகழ்கின்றது. அங்கே காந்தப் புலம் தரைக்கு இணையாகப் படுத்திருப்பதால், பகற்பொழுதில் மின்சாரம் ஒரு குறுகிய ஆற்றைப் போல் திரண்டு கிழக்கு நோக்கிப் பாய்கின்றது. தென்னமெரிக்காவின் பெரு நாட்டில் உவான்காயோ என்னும் இடத்திலும் இதன் விளைவு பதிவாயிற்று. 1951-இல் சிட்னி சாப்மன் என்ற அறிஞர் இதற்கு நடுக்கோட்டு மின்தாரை என்னும் பொருள்படப் பெயரிட்டார். இத்தாரையை நேரில் சென்று அளப்பது எவ்வாறு? பலூன் அவ்வளவு உயரம் ஏறாது. செயற்கைக்கோள் அவ்வளவு தாழ்வாக நெடுநாள் சுற்ற இயலாது. சிறு ராக்கெட் ஒன்றே அதனுள் புகுந்து வெளிவர வல்லது. அந்த ராக்கெட்டை மின்தாரைக்கு நேர் கீழிருந்து ஏவ வேண்டும். எரிந்த பாகங்கள் விழுவதற்குக் கடலும் அருகிருக்க வேண்டும்.

மாணவனுடைய கேள்விக்கு இதுவே விடை. ஆலயம் இருந்த இடத்தை யாரும் வேண்டுமென்று தேடி வரவில்லை. காணாத கோடு ஒன்றைத் தேடி வந்தார்கள். கோட்டின் அருகே ஆலயம் இருந்தது.

ஆமென் என்றவர்கள்

டாக்டர் விக்ரம் சாராபாயும் அவருடைய துணைவர்களும் 1962-ஆம் ஆண்டளவில் கேரளக் கடற்கரையில் பல இடங்களைப் பார்த்துத் தும்பாவைத் தெரிந்தெடுத்தனர். அங்கே பல தலைமுறைகளாக மீன்பிடித்து வாழ்ந்தவர்கள் கத்தோலிக்க மக்கள். புனித சவேரியார் 1544-இல் திருவிதாங்கூர்க் கடற்கரையில் நடந்து சென்று திருமுழுக்கு அளித்த மக்களின் வழிவந்தோர் அக்கரையெங்கும் வாழ்கின்றனர். அவர்களிடம் நிலத்தை மட்டுமன்று, ஆலயத்தையும் கேட்க வேண்டியதாயிற்று. அறிவியலார் ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரேரா அவர்களை அணுகினர். பின்னாளில் குடியரசுத் தலைவராக உயர்ந்த அப்துல் கலாம் அவர்கள் இந்நிகழ்ச்சியைப் பலமுறை எடுத்துரைத்துள்ளார். ஆயர் உடனே விடை கூறாமல், ஞாயிறு திருப்பலிக்கு வருமாறு அழைத்தாராம். திருப்பலியின்போது மக்களுக்குச் செய்தியை விளக்கி, அறிவியலும் சமயமும் மனிதரின் நலனையே நாடுகின்றன என்று கூறி, நம் ஆலயத்தைக் கொடுக்கலாமா என்று வினவினாராம். மக்கள் ஆமென் என்றனராம்.

ஆலயம் அலுவலகமாகவும் பணிக்கூடமாகவும் ஆயிற்று. ஆயரின் இல்லமும் அவ்வாறே பயன்பட்டது. ராக்கெட்டின் பாகங்கள் மிதிவண்டியில் கொண்டுசெல்லப்பட்டதைக் காட்டும் புகைப்படம் உலகப் புகழ் பெற்றது. 1963 நவம்பர் 21 அன்று மாலை, அமெரிக்காவிலிருந்து வந்த நைக்-அப்பாச்சி என்ற ராக்கெட் தும்பாவிலிருந்து எழுந்தது. அது வானில் தூவிய சோடிய ஆவி அந்தி ஒளியில் செம்மஞ்சள் மேகமாய் ஒளிர்ந்தது. அடுத்த ஆண்டு முதல் காந்தமானிகளைத் தாங்கிய ராக்கெட்டுகள் சென்று, மின்தாரையின் உயரத்தையும் வலிமையையும் அளந்து வந்தன. நம் நாட்டிலேயே செய்யப்பட்ட முதல் ரோகிணி ராக்கெட் 1967 நவம்பர் 20 அன்று இங்கிருந்து ஏவப்பட்டது. 1968 பிப்ரவரி 2 அன்று பிரதமர் இந்திரா காந்தி இத்தளத்தை ஐக்கிய நாடுகளுக்கு அர்ப்பணித்தார்.

இவை யாவும் நூல்களில் உள்ளவை. நூல்களில் அதிகம் காணாததைக் காணப் பிற்பகலில் பள்ளித்துறைக்குச் சென்றோம். இடம்பெயர்ந்த மக்களுக்கென எழுந்த ஆலயம் அங்கிருக்கின்றது. அதுவும் மகதலா மரியாவின் பெயரையே தாங்கியுள்ளது. மக்கள் தங்கள் பாதுகாவலியைத் தம்முடன் அழைத்து வந்துவிட்டனர். ஆலய முற்றத்தில் செபமாலையுடன் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர் எங்களைக் கண்டதும் எழுந்து வணங்கினார். தாம் திருமுழுக்குப் பெற்றது பழைய ஆலயத்தில் என்றும், அங்கிருந்து வந்தபோது தமக்கு விவரம் அறியாத வயது என்றும் மலையாளத்தில் கூறினார். பேத்தியுடன் ஒருமுறை அங்கே சென்று பார்த்தாராம். குறை கூறினாரல்லர். “அச்சா, நாங்கள் வேறு எதையும் கொடுக்க இயலாதவர்கள், கேட்டது எங்களிடம் இருந்தது, கொடுத்தோம்” என்பதே அவருடைய பேச்சின் சாரம். சற்றுப் பொறுத்து, பீடம் இருந்த இடம் இப்போதும் தெரிகின்றதா என்று கேட்டார். தெரிகின்றது என்றேன்.

நகரும் கோடு

திரும்பும் வழியில் அறிவியல் ஆசிரியை மாணவர்களிடம் ஒரு செய்தி கூறினார். அது என் மனத்தைவிட்டு இன்றும் அகலவில்லை. காந்த நடுக்கோடு ஓரிடத்தில் நிலைத்து நிற்பதில்லை. 1960-களில் தும்பாவுக்குச் சற்று வடக்கே ஓடிய அக்கோடு, பின்னர் அவ்வூரைக் கடந்து தெற்கே நகர்ந்துவிட்டது. அடியிலுள்ள இரும்புக் கடலின் ஓட்டம் மாற மாற, மேலே கோடும் முனையும் மாறுகின்றன. வட காந்த முனையை 1831-இல் ஜேம்ஸ் கிளார்க் ராஸ் கனடாவின் வடகோடியில் கண்டறிந்தார். இன்று அது கனடாவை விட்டகன்று சைபீரியாவை நோக்கிச் சென்றுகொண்டிருக்கின்றது. ஏறத்தாழ 7,80,000 ஆண்டுகளுக்கு முன்பு வடக்கும் தெற்கும் அடியோடு இடம்மாறின என்பதையும் பாறைகள் உரைக்கின்றன.

நடுவிலுள்ள உள்கருவமும் பூமியோடு ஒட்டிக்கொண்டு சுழலவில்லை. அது பூமியைவிடச் சற்று விரைந்து சுழல்கின்றது என்று சியாடொங் சொங், பால் ரிச்சர்ட்ஸ் ஆகியோர் 1996-இல் அறிவித்தனர். 2009-ஆம் ஆண்டளவில் அந்த வேறுபாடு நின்றுபோயிற்று என்று 2023-இல் ஓர் ஆய்வு கூறியது. 2010-ஆம் ஆண்டளவிலிருந்து உள்கருவம் மேற்பரப்பைவிடச் சற்றுப் பிந்திச் சுழல்கின்றது என்று 2024-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு உறுதிப்படுத்தியது. தென் அட்லாண்டிக் கடலில் ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் நிகழும் நிலநடுக்கங்களின் அலைகளை ஒப்புநோக்கி அறிஞர் இதனைக் கண்டனர்.

“அப்படியானால் கோடு நகர்ந்த பிறகு அந்த இடத்திற்கு மதிப்பில்லையா?” என்று அதே மாணவன் கேட்டான். மதிப்பு குறையவில்லை. மின்தாரை சில நூறு கிலோமீட்டர் அகலமுடையது. தும்பா இன்றும் அதன் அடியிலேயே உள்ளது. அங்கிருந்து சிறு ராக்கெட்டுகள் இன்றும் எழுகின்றன. ஆயினும் அவன் கேள்வியில் வேறொன்றும் அடங்கியிருந்தது. நிலையான ஒன்றிற்காகத் தங்கள் ஆலயத்தைக் கொடுத்ததாக அம்மக்கள் எண்ணியிருக்கலாம். அவர்கள் கொடுத்ததோ நகர்ந்துகொண்டேயிருக்கும் ஒரு கோட்டிற்காக. கோடு நகர்ந்துவிட்டது என்பதால் அவர்களுடைய ஈகை பயனற்றுப் போகவில்லை. பயன் எவ்வளவு என்று அளந்து பார்த்துக் கொடுத்தவர்களும் அல்லர் அவர்கள். நாட்டின் பிள்ளைகள் கற்றுக்கொள்ள இடம் கேட்டார்கள், இடம் கொடுத்தார்கள். இன்று வானிலை அறிவிப்பையும் புயல் எச்சரிக்கையையும் செயற்கைக்கோள் வழியே பெற்று, கடலுக்குச் செல்வதா வேண்டாமா என்று முடிவு செய்யும் ஒவ்வொரு மீனவனும் அந்தக் கொடையில் பங்கு பெறுகின்றான்.

அன்பு வாசகர்களே, உங்கள் பிள்ளைகளுடன் திருவனந்தபுரம் செல்லும் வாய்ப்புக் கிட்டினால் தும்பா ஆலயத்தைக் கண்டு வாருங்கள். அடையாள அட்டையை மறவாமல் எடுத்துச் செல்லுங்கள். ராக்கெட்டுகளைக் காட்டிய பின்னர், பள்ளித்துறைக்கும் அவர்களை அழைத்துச் சென்று, அவ்வாலயத்தில் சிறிது நேரம் அமர்ந்து, அந்த இடத்தைக் கொடுத்தவர்களுக்காகவும் அவர்கள் மக்களுக்காகவும் ஒரு செபம் சொல்லுங்கள்.